வெஞ்சனத்துக்கு நாலு குளியல்

எங்கள் வீட்டில் மனசில் இருப்பதை அப்படியே சொல்கிற ஆள் நான் ஒருவன்தான். அதனால்தான் என் பேச்சை யாரும் நம்புவதில்லை.

இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது, கொடைரோடு ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்ட ஒரு கல்யாண கோஷ்டிக்காக, டிரைவரிடம் சொல்லி பஸ்ஸைத் தண்டவாளத்தை ஒட்டியே ஓடவிட்டேன். ஜன்னலுக்கு ஜன்னல் கைமாற்றி மாப்பிள்ளையை ஏற்றினோம். சீர்வரிசைப் பாத்திரத்தில் ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் சிரிக்கிறார்கள். சிறுமலை ரூட்டில் ஒரு பலாப்பழம் தனி சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்ததையும் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சிரிப்பு. இந்த மாதிரி ஒன்றிரண்டு சம்பவங்களை வைத்துக்கொண்டு, பெரியகருப்பன் வாயைத் திறந்தால் விளையாட்டு என்று முடிவு கட்டிவிட்டார்கள். மழை வருகிறது, கொடியில் துணி கிடக்கிறது என்று சொன்னால்கூட, வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்த பிறகுதான் துணியை எடுக்கிறார்கள். அதற்குள் நனைந்துவிடுகிறது. நனைந்த பிறகு, முதலிலேயே ஒழுங்காகச் சொல்லக் கூடாதா என்று என்னைத்தான் கேட்கிறார்கள்.

சரி, கிடா விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இருப்பது என் தம்பி மகன் ராமர் வீட்டு மாடியில். திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து தோட்டம் தொடங்குகிற இடத்தில் வீடு. ராமர் காய்கறி மண்டி வைத்திருக்கிறான். போன வருஷம் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். அவனைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனதும், அவன் பெண்டாட்டி சுந்தரம்மாள் மூடின கதவைப் பார்த்துக் கும்பிட்டாள். ‘கருப்பா, இவரத் திருப்பிக் குடுத்துரு, உனக்குக் கிடா வெட்டுறேன்’ என்று நேர்ந்துகொண்டாள். கருப்பணசாமி எங்கள் குலசாமி. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கறியைக் குறைக்கச் சொன்னார். சுந்தரம்மாள் நிறுத்தியே விட்டாள். அவனுக்கு மட்டுமில்லை, வீட்டுக்கே. அவன் பார்க்க நாம் தின்றால் அவன் மனசு ஏங்குமாம். அன்றிலிருந்து கீரை. முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, பேர் தெரியாத கீரை.

ஒருநாள் ராமர் மாடிக்கு வந்தான். கீரையைக் கண்டாலே குமட்டுகிறது, ஆனால் அவள் ஆசை ஆசையாய் ஆக்கிப் போடுகிறாளே என்று வருத்தப்பட்டான். மறுநாள் துணி காயப்போட வந்த சுந்தரம்மாள், தனக்குக் கீரை தொண்டையில் இறங்குவதே இல்லை, ஆனால் அவர் அவ்வளவு ருசித்துச் சாப்பிடுகிறாரே என்றாள். ஆக, அவளுக்காக அவனும் அவனுக்காக அவளும் கீரை தின்கிறார்கள். யாருக்காகவும் இல்லாமல் நடுவில் நான் தின்கிறேன். தெருமுனைக்குத் தெருமுனை பிரியாணி அண்டா திறக்கிற ஊரில், வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு.

இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு அப்படியே சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். “பெரியப்பாவுக்குக் குசும்பு கொறையல” என்றான் ராமர். அன்று மதியம் அகத்திக்கீரை.

இந்த நிலைமையில் அந்தக் கிடாதான் எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை.

குட்டியாக இருக்கும்போதே அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் நானும் ராமரும் போய் வாங்கிவந்தது. துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசியது நான். கன்னங்கரேலென்று, உடம்பில் ஒரு வெள்ளை முடி இல்லாத வெள்ளாட்டுக் குட்டி. நேர்ந்த கிடாவுக்குப் பேர் வைக்கக் கூடாது, வைத்தால் பாசம் ஒட்டிக்கொள்ளும் என்று சுந்தரம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாள். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள்.

மாடியில் இருப்பவனுக்குப் பின்கட்டு முழுதும் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் ராமரைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். தனியாக நடக்கப் பயந்தவன், கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். அவனுக்கு அது ‘தம்பி’. அவன் மண்டிக்குப் போனதும் சுந்தரம்மாள் கழனித்தண்ணி வைத்து ‘ராசா’ என்பாள். மகன் விக்னேஷ்குமாருக்கு ‘பாஸ்’. மருமகள் சுகன்யாவுக்கு ‘பட்டு’. நாலு பேரும் ஒருவர் காதில் விழாமல் ஒருவர் கூப்பிட்டார்கள். கிடா நாலுக்கும் திரும்பியது. நானும் ஒரு பேர் வைத்திருந்தேன். ‘வெஞ்சனம்’. சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதற்கும் திரும்பியது. மரியாதை தெரிந்த கிடா.

பேரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குளிப்பாட்ட ஆரம்பித்தார்கள். நடந்து வந்ததும் ராமர் ஒரு குளியல். பாத்திரம் கழுவி முடித்து சுந்தரம்மாள் மஞ்சள் தேய்த்து ஒரு குளியல். கல்லூரியில் இருந்து வந்து விக்னேஷ்குமார் ஷாம்பு போட்டு ஒன்று. விளக்கு வைக்கிற நேரத்துக்கு சுகன்யா குளிப்பாட்டி, தலை துவட்டி, சாம்பிராணிப் புகையும் காட்டினாள். போகப்போகிற உயிர், நாமாவது யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை குளிப்பாட்டுவோம் என்று ஆளுக்கொரு நினைப்பு. எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கருப்பணசாமிக்கே தெரியாது. எனக்கு அரை வாளி. கிடாவுக்கு நாலு குளியல்.

எந்நேரமும் ஈரமாக நிற்கிறதே என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? தோன்றியதாம். பனி என்று நினைத்துக்கொண்டார்களாம், சித்திரை மாதத்தில். கிடாவும் பழகிவிட்டது. வாளிச் சத்தம் கேட்டால் தானே வந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். முதுகு முடிந்ததும் முன்னங்காலைத் தூக்கி அக்குளைக் காட்டும். இதில் நான் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை.

சித்திரைக் கடைசியில் கிடா வெட்டுக்கு நாள் குறித்தார்கள். அன்றிலிருந்து என் படிக்கட்டு தேய ஆரம்பித்தது.

முதலில் ராமர் வந்தான். தன்னை நடக்கவைத்த உயிர் அது, அதை வெட்டி எப்படி வாயில் வைப்பது என்றான். பெண்டாட்டியிடம் சொல்லேன் என்றேன். அவள் நேர்ந்ததை வேண்டாம் என்றால் அவள் மனசு உடைந்துவிடும் என்றான். பிறகு சுந்தரம்மாள் வந்தாள். ராசா கழுத்தில் கத்தி படுவதை நினைத்தால் தூக்கமே வரவில்லை என்றாள். புருஷனிடம் சொல்லேன் என்றேன். அவர் உயிருக்கு நேர்ந்த கடனை நானே வேண்டாம் என்றால், என் உயிர் உனக்கு அவ்வளவுதானா என்று நினைக்க மாட்டாரா என்றாள். சுகன்யா, வந்து ஒரு வருஷம் ஆகாத மருமகள் இந்த வீட்டுச் சாமி காரியத்தில் வாய் வைக்கலாமா என்றாள். விக்னேஷ்குமார், படித்துவிட்டோம் என்கிற திமிரில் பேசுகிறான் என்று அப்பா அம்மா நினைத்துவிடுவார்கள் என்றான்.

ஒவ்வொருவரிடமும் மற்ற மூன்று பேரும் இதையேதான் சொல்கிறார்கள் என்று சொன்னேன். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறீர்கள் என்று நாலு பேரும் சொன்னார்கள். எனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து? கிடா வெட்டினால் எனக்குக் கறி. நான் பொய் சொல்ல வேண்டுமென்றால் இதற்கு நேர்மாறாக அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அதை எடுத்துச் சொன்னேன். அதையும் நம்பவில்லை.

இதில் விக்னேஷ்குமாரைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவன் சைக்காலஜி படித்தவன். ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் பிள்ளைகளுக்கு எப்படிப் பேசுவது என்று பாடம் எடுக்கிறான். மனுஷனோடு மனுஷன் பேசும்போது எங்கெங்கே இடறி விழுகிறான் என்பதற்கெல்லாம் பேர் தெரியும். நமக்குப் பிடித்த சேதியை மட்டும் காதில் வாங்கினால் கன்ஃபர்மேஷன் பயாஸ். நாம் நினைப்பது சொல்லாமலே எதிராளிக்குத் தெரியும் என்று இருந்தால் அதற்கொரு பேர். பேர் தெரிந்துகொண்டதால் தனக்கு அந்த நோய் வராது என்று நினைத்தால் அதற்கும் பேர் உண்டா என்று கேட்டேன். உண்டு தாத்தா, ஆனால் அது மற்றவர்களுக்கு வருவது என்றான்.

அவன்தான் வெட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டான். நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளர். டம்ளர் யார் கையில் இருக்கிறதோ அவர் மனசைத் திறந்து பேச வேண்டும், மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. வெளிநாட்டில் இப்படித்தான் குடும்பப் பிரச்சினைகளைத் தீர்க்கிறார்களாம்.

டம்ளர் முதலில் ராமரிடம் போனது. அவன் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நேர்த்திக்கடன் நல்லபடியாக முடிய வேண்டும், வேறொன்றும் இல்லை என்றான். அப்படிச் சொல்லும்போது பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான். சுந்தரம்மாள் டம்ளரை வாங்கி, அவர் இவ்வளவு ஆசைப்படுகிறார், சிறப்பாகவே செய்துவிடுவோம் என்றாள். அவனுக்கு முகம் கறுத்தது. செலவை நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். சுகன்யா, பெரியவர்கள் சொன்னால் சரி என்றாள். விக்னேஷ்குமார், எல்லோரும் ஒரே மனசாக இருப்பதைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது என்று சொல்லி மூக்கை உறிஞ்சினான்.

டம்ளர் என்னிடம் வந்தது.

“எனக்குக் கறி வேணும்” என்றேன். “நெஞ்செலும்பு எனக்கு. இதுல ஒளிக்கிறதுக்கு ஒன்னுமில்ல. ஆனா இங்க ஒருத்தருக்கும் அத வெட்ட மனசில்ல. வெட்டுறதுன்னா சொல்லிட்டு வெட்டுங்க, இல்லன்னா சொல்லிட்டு விடுங்க. கடையில ஒரு கிலோ வாங்கி ஆக்கிப் போட்டாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

சுகன்யா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாத்தாவுக்கு அது மேல் எவ்வளவு பாசம் இருந்தால் இப்படி வேடிக்கையாய்ப் பேசி மறைப்பார் என்றாள். இதற்கு டிஃபென்ஸ் மெக்கானிசம் என்று பேர் என்றான் அவள் புருஷன். டம்ளரைக் கழுவி, அதிலேயே எனக்குக் காப்பி கொடுத்தார்கள்.

கோயில் வடமதுரைக்கு அந்தப் பக்கம், ஒரு கரட்டுக் குன்றின் அடியில். சொந்தபந்தம் எல்லாம் வேன் பிடித்து வந்து இறங்கியிருந்தது. பிரியாணிக்கு முகமது பாரூக் பாயைச் சொல்லியிருந்தோம். அவர் வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டி, அண்டா ஏற்றி, மசாலா வதக்கத் தொடங்கிவிட்டார். அந்த வாசனைக்கே எனக்கு ஒரு வயசு குறைந்தது. கறி வந்ததும் போடுவதுதான் பாக்கி.

கிடாவுக்கு மாலை போட்டுச் சாமி முன்னால் நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் நினைத்ததும் அரிவாளைத் தூக்கிவிட முடியாது. மஞ்சத்தண்ணியை மேலே ஊற்ற வேண்டும். கிடா உடம்பை உதறிச் சிலிர்க்க வேண்டும். துலுக்குவது என்பார்கள். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் சாமிக்கு ஏதோ குறை. தண்ணீர் பட்டால் எந்த ஆடும் துலுக்கும், அதனால் இதுவரை எங்கள் சாமிக்கு யார்மேலும் பெரிய குறை இருந்ததில்லை.

பூசாரி மதியழகன் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். கிடா கண்ணை மூடிக்கொண்டது. இன்னொரு செம்பு. முன்னங்காலைத் தூக்கி அக்குளைக் காட்டியது.

கூட்டம் கிட்டே நெருங்கி வந்தது. பூசாரி குடத்தை வாங்கிக் கவிழ்த்தார். கிடா நகர்ந்து, முதுகின் இன்னொரு பக்கத்துக்கும் தண்ணீர் விழ வசதி செய்துகொடுத்தது.

“சாமிக்கு மனத்தாங்கல்” என்றார் பூசாரி.

அவ்வளவுதான். என் தங்கச்சி பேச்சாயி, ராமருக்கு அத்தை, முன்னால் வந்தாள். அது தன்னைப் பற்றித்தான் என்றாள். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காமல் போனில் சொன்னார்களாம், அவள் வெளியில் காட்டிக்கொள்ளவில்லையாம், ஆனால் சாமிக்குத் தெரியாமல் இருக்குமா என்றாள். ராமர் அங்கேயே வெற்றிலை வைத்து, கூப்பிட்டு வந்தவளை மறுபடி கூப்பிட்டான். ஒரு குடம் ஊற்றினார்கள். கிடா சுகமாக நின்றது. சுந்தரம்மாளின் தம்பி வந்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரனுடைய வரப்பு வேம்பைத் தான் ராவோடு ராவாக வெட்டியதைச் சொன்னான். அந்தத் தோட்டத்துக்காரன் வேன் டிரைவராக அங்கேயே நின்றிருந்தான். அந்தச் சண்டையை விலக்கிவிட்டு இன்னொரு குடம். கடைசியில் பூசாரியே, போன வெள்ளிக்கிழமை விளக்குப் போட மறந்ததைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கிடா வாயைத் திறக்கவில்லை. ஆளாளுக்குத் தன் மனசில் கிடந்ததை எடுத்து அதன் வாயில் வைத்தார்கள். விக்னேஷ்குமார் என் காதில், இதற்குப் ப்ரொஜெக்ஷன் என்று பேர் தாத்தா என்றான்.

“நாலு வேளை குளிக்கிற கிடா எப்படிரா துலுக்கும்?” என்றேன்.

“நாலு வேளையா? நான் ஒரு தடவதான்...” என்றவன், பாதியில் நிறுத்திவிட்டு வேப்பமரத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று சொன்னேன். இதற்குத் தினமும் நாலு குளியல், ஷாம்பு, மஞ்சள், சாம்பிராணி. இதை இது குளியல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, சோப்பு எங்கே என்று காத்திருக்கிறது. சாமிக்கு யார்மேலும் ஒரு குறையும் இல்லை, எல்லோரும் போய் உட்காருங்கள் என்றேன். கரடே அதிரச் சிரித்தார்கள். பேச்சாயி, எங்க அண்ணன் இருந்தால் சாவு வீட்டிலும் சிரிக்க வைத்துவிடும் என்று பெருமைப்பட்டாள்.

“பெரியவரே, மசாலா அடிப்பிடிக்குது” என்றார் பாரூக் பாய், கரண்டியோடு வந்து. “இப்ப கதை சொல்ற நேரமா?”

பூசாரிக்குக் கடைசியாக ஒரு வழி இருந்தது. காதுக்குள் தண்ணீர் விடுவது. எவ்வளவு குளித்த கிடாவும் அதற்குத் துலுக்கியே ஆக வேண்டும். நேர்ந்தவர்கள் இரண்டு பேரும் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும், வீட்டுக்குப் பெரியவர் ஊற்றட்டும் என்றார். ராமர் வலது பக்கம் பிடித்தான். சுந்தரம்மாள் இடது பக்கம். நான் செம்போடு கிட்டே போனேன். என் மனசில் நெஞ்செலும்பு மட்டும்தான் இருந்தது.

வலது காதில் ஊற்றினேன். தண்ணீர் உள்ளே போகாமல் ராமரின் புறங்கையில் விழுந்து தரைக்கு ஓடியது. கழுத்தைப் பிடிக்கிற சாக்கில் காதை உள்ளங்கையால் பொத்தியிருந்தான். சரி, இடது காதிலும் ஊற்றினேன். அங்கே சுந்தரம்மாளின் கை. காது மடலை மடித்து உள்ளே அழுத்தி, மேலே முந்தானையையும் போட்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், நேராகச் சாமியைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

ஒரு வருஷத்துக் கீரை என் தலைக்கு ஏறியது.

“ஏலே ராமரு, கையை எடு” என்றேன். “தாயி, நீயும் எடு. ஆளுக்கொரு காதப் பொத்திக்கிட்டு என்னத்தத்தான் பேசுறீக ரெண்டு பேரும்?”

இரண்டு பேரும் திரும்பி, முதலில் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். பிறகு முகத்தை. கைகள் தானாக விழுந்தன. மடலில் தேங்கியிருந்த தண்ணீர் உள்ளே இறங்கியது. கிடா துலுக்கியது.

அப்படி ஒரு துலுக்கலை அந்தக் கோயில் கண்டதில்லை. கற்பூரம் அணைந்தது. வேப்பமரத்தடியில் பாயின் அடுப்பு அணைந்தது. வடமதுரையில் அன்று மழை என்று மறுநாள் ஒருவர் சொன்னார், அதற்கு நான் பொறுப்பில்லை. பொம்பளைகள் குலவை போட்டார்கள். பூசாரி அரிவாளை எடுத்தார்.

“பூசாரி, செத்த நேரம் பொறுங்க” என்றான் ராமர். பெண்டாட்டியிடம் திரும்பி, “நீ ஏன் பொத்துன?” என்றான்.

“நீங்க ஏன் பொத்துனீக?”

“நீ நேந்ததுன்னுதான் இம்புட்டு நாளா வாயத் தொறக்கல.”

“உங்க உசுருக்கு நேந்தது. நானே வேணாம்னா, உங்க உசுரு எனக்குப் பெருசில்லன்னு ஆயிராதா?”

“என் உசுரத் தெனமும் கயித்துல கட்டி நடத்திக் கூட்டிட்டுப் போறதே அதுதான, சுந்தரம்” என்றான்.

அவள் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ராசா என்றாள். அவன் தம்பி என்றான். பின்னால் இருந்து பாஸ் என்றும் பட்டு என்றும் குரல் வந்தது. கிடா எதற்குத் திரும்புவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தது.

ஆனால் பூசாரி அரிவாளை இறக்கவில்லை. சாமி உத்தரவு கொடுத்தாகிவிட்டது, இனி மாற்றினால் எந்த உசுருக்கு நேர்ந்ததோ அந்த உசுருக்கு ஆகாது என்றார். அவர் மேல் தப்பில்லை, அவர் வழக்கம் அது. சுந்தரம்மாளின் கை தாலிக்குப் போனது. அவள் முகத்தை அந்த மாதிரி நான் ஆஸ்பத்திரிக் கதவுக்கு முன்னால் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். மெதுவாகக் கிடாவின் கழுத்தில் இருந்து கையை எடுக்க ஆரம்பித்தாள்.

டம்ளரைப் பிடித்துக்கொண்டும், கூட்டத்துக்கு நடுவில் நின்றும் அதுவரை உண்மையைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டும் விலைபோகவில்லை. அந்தப் பக்கம் மசாலா வாசனை வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் அந்தக் கை. பாழாய்ப்போன மனசு என்று சொல்லிக்கொண்டு செம்பைக் கீழே வைத்தேன்.

“மதியழகு, உங்க தாத்தன் காலத்து வழக்கம் உனக்குத் தெரியாதா?” என்றேன். “மொதத் தண்ணிக்குத் துலுக்குனா வெட்டு. புருசனும் பொஞ்சாதியும் கை வச்சு, எடுத்த பொறகு துலுக்குனா, சாமி ஏத்துக்கிட்டுத் திருப்பிக் குடுத்துருச்சுன்னு அர்த்தம். எங்க பாட்டன் கிடா ஒன்னு அப்படித்தான் திரும்பி வந்துச்சு. வெள்ள வேட்டி விரிச்சாத்தான் படுக்கும். ஊர்க்கூட்டத்துல அதுக்குன்னு ஒரு எடம் உண்டு.”

அந்த நிமிஷம் வாயில் வந்ததுதான். என் வாழ்நாளில் அதற்கு முன்பு நான் பொய் சொன்னதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

பூசாரி யோசித்தார். பிறகு, ஆமாம், எங்கப்பாவும் சொல்லியிருக்கிறார் என்றார். பேச்சாயி, அந்தக் கிடாவைத் தான் சின்ன வயசில் பார்த்திருப்பதாகச் சொன்னாள். இடது கொம்பு கொஞ்சம் மடங்கியிருக்கும் என்று கையால் காட்டினாள். கூட்டத்தில் இன்னொரு கிழவர், மடங்கியிருந்தது வலது கொம்பு என்று சண்டைக்கு வந்தார். அரிவாள் கீழே இறங்கியது. ஒரு பூசணிக்காயை வெட்டிக் காரியத்தை முடித்தார்கள்.

பாரூக் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். நானும்தான். ராமர் மண்டியில் இருந்து வந்திருந்த கத்திரிக்காய் மூட்டையைப் பிரித்து அந்த மசாலாவில் போட்டார்கள். அது எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

சாப்பிடும்போது பந்தி முழுக்க ஒரே பேச்சு. எனக்கு அப்போதே தெரியும், கிடா நின்ற நிலையைப் பார்த்ததுமே நினைத்தேன் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். விக்னேஷ்குமார் என் பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்த பிறகு இப்படிச் சொல்வதற்கு ஹைண்ட்சைட் பயாஸ் என்று பேர் என்றான். கொஞ்சம் பொறுத்து, “ஆனா தாத்தா, நான் நெசமாவே அப்பவே நெனச்சேன்” என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகாவது நிம்மதி இருக்கும் என்று பார்த்தேன். இப்போது குளியலை ஒளிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டதால், யார் முதலில் என்று காலையிலேயே சண்டை. எனக்குக் கால் வாளி ஆகிவிட்டது. இது போதாதென்று, மாமாவுக்குத்தான் அதன் மேல் உயிர் என்று சுந்தரம்மாள் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மரியாதையாக அதை மாடிக்கு ஏற்றி, என் கட்டில் காலில் கட்டியிருக்கிறார்கள்.

நேற்று அவளை உட்காரவைத்து, பட்டென்று சொல்லிவிட்டேன். “தாயி, நான் அதத் திங்கத்தான் ஆசப்பட்டேன். இப்பவும் அந்த நெனப்புத்தான்.”

“இப்படிச் சொல்லித்தான மாமா நீங்க எல்லாத்தையும் மறைப்பீக” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள். கிடா விஷயத்தில் பேசிக்கொண்டதோடு புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துபோனது போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சோற்றுத் தட்டோடு வந்தாள். அவர் இன்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, தட்டை வைத்துவிட்டுப் போனாள். அரைக்கீரை.

நான் தட்டை வெஞ்சனத்தின் பக்கம் தள்ளினேன். அது முகர்ந்து பார்த்தது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

மனசில் இருப்பதை அப்படியே சொல்கிற ஆள் எங்கள் வீட்டில் இப்போது இரண்டு.